ஸ்தோத்திரச் சீட்டு

தன் பேர் டில்லி வரைக்கும் போகப்போகிறது என்று நர்ஸ் ஞானபாக்கியம் கேள்விப்பட்டது 1965ஆம் வருஷத்து ஆனிச் சாரலில், சபை ஊழியரான உபதேசியார் அய்யாக்குட்டியின் வாயால். உபதேசியாருடைய வாயில் எந்தச் செய்தியும் ஒரு நாழிகைக்கு மேல் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, என்ன செய்ய என்று கேட்கத்தான் மேலகரத்தில் அவள் வீட்டுக்கு வந்தார். உப்பைக் குறைக்கச் சொல்லி, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று அவள் சொன்ன பிறகும் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார்.

"என்ன உபதேசியாரே, இன்னும் எவளுக்கு வீங்கியிருக்கு?"

"அதில்ல நர்சம்மா. சார்வாள் டில்லிக்கு ஒரு மகஜர் எழுதியிருக்காவ. நாந்தான் நல்ல எழுத்துல பிரதி எடுக்கேன். அதுல ஒங்களப் பத்தி ஒரு பாரா வருது."

சார்வாள் என்றால் அந்தச் சபையில் ஒருவர்தான். ரிட்டயரான தலைமையாசிரியரும், சேகரம் என்கிற சபை வட்டாரத்தின் கமிட்டிச் செயலாளருமான ஏசுதாசன். எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். பெயரைச் சொல்லாமல் விட்டால், 'எங்களைத்தான் எழுதியிருக்கிறான்' என்று நாலு சபைக்காரர்கள் தாமாகவே வந்து ஒப்புக்கொள்வார்கள்.

கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று ஆராய, முந்தின வருஷம் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டிருந்தது. கமிட்டி ஏசுதாசனிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் சொல்வதற்கென்றே ஏராளமான அபிப்பிராயம் அவரிடம் இருந்தது. அந்த மாசக் கடைசியில் குற்றாலத்தில் கூடவிருந்த கிறிஸ்தவ ஜீவிய மாநாட்டில் மகஜரை நிறைவேற்றி, கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு.

அய்யாக்குட்டி மனப்பாடமாகவே சொன்னார்: "'எமது சேகரத்திலேயே 1954ஆம் வருஷத்தில், கருவிலுள்ள சிசுவைக் கொல்லும் தொழிலை ரகசியமாய் நடத்திவந்த ஒரு மருத்துவச்சியைக் கண்டுபிடித்து, மிஷன் மருந்தகத்து வேலையிலிருந்தும் திருவிருந்திலிருந்தும் விலக்கி, சபையைச் சுத்திகரித்தோம்.' மொதல்ல பேரு போடல நர்சம்மா. பெறகு, ஆதாரம் இல்லன்னா டில்லிக்காரன் நம்பமாட்டான்னு முழுப் பேரையும் எழுதச் சொல்லிட்டாவ."

ஞானபாக்கியம் முதலில் கோபப்பட்டது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

"மருத்துவச்சியா? நான் டிரெயினிங் பண்ணின நர்சுவே! சர்ட்டிபிகேட்டு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு, பாரும்!"

உபதேசியார் பார்த்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்த பிறகுதான், டில்லிக்குப் போவது சிசுவைக் கொன்றவள் என்ற பேர் என்பது உறைத்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னாலும் இப்படி ஒரு ஆனிதான். ஏசுதாசன் குடை பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். குடைக்குள் அவர் முழுதாகவும் மகள் சுகிர்தம் பாதியாகவும் இருந்தார்கள். சுகிர்தத்துக்குப் பத்தொன்பது வயது. வயிற்றில் மூன்று மாசம். யாரால் என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் தேவன் இருதயத்தைப் பார்க்கிறவர், மனுஷர்தான் வெளியே தெரிவதைப் பார்க்கிறார்கள், ஆகையால் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது மனுஷர் கடமை என்று விளக்கினார்.

"சார்வாள், இது பாவம். எங்கையால செய்யமாட்டேன். பெத்துக் குடுக்கச் சொல்லுங்க, கூட இருந்து நான் பாக்கேன்" என்றாள் ஞானபாக்கியம்.

"அவ பெத்துட்டா, நான் பெறகு பீடத்துல ஏற முடியுமா?"

"பிள்ள பொறக்கப்போறது பீடத்துலயா சார்வாள்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவள் அப்படிச் சொன்னது வாயளவில் அல்ல. பிரசவ வார்டில் இருபது வருஷம் நின்றவள். தாயா பிள்ளையா என்று வந்த இரண்டு சமயத்தில் டாக்டரம்மா தாயைக் காப்பாற்றியபோது, பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தது இவள்தான். அந்த இரண்டு தரமும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் நியாயம் வேறு. மானத்துக்கு ஆபத்து என்று வந்தவர்களுக்கு அவள் கதவு ஒருநாளும் திறந்ததில்லை.

ஏசுதாசன் மகளைச் செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து மஞ்சளாகத் திரும்பிவந்த சுகிர்தத்தைப் பார்த்து ஊர் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது. யார் வயிறு என்று ஊர் கேட்குமுன், யார் கை என்று சார்வாள் முந்திக்கொண்டு கேட்டார். மருந்தகத்து அலமாரியில் ஒரு மருந்துப் புட்டி காணவில்லை என்று கமிட்டி கூடியது. அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று நர்ஸிடம், மற்றது செயலாளரிடம். கமிட்டி தீர விசாரித்ததில் ஒரு சாவிதான் அதன் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவே அவளை எழுப்பி நிறுத்தி விலக்கினார்கள்.

உண்மையை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் பேர் தெருவில் உருளும், அதனால்தான் வாயை மூடினேன் என்று பதினோரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவந்தாள். அதில் முக்கால் உண்மை. மீதிக் கால், சொன்னாலும் எவனும் நம்பமாட்டான் என்பது.

சபை விலக்கியவளைக் கடையநல்லூர் எடுத்துக்கொண்டது. அங்கே தறிக்காரத் தெருக்களில் அந்தப் பதினோரு வருஷத்தில் பிறந்ததில் பாதி அவள் கையில் வழுக்கி வந்ததுதான். மகஜர் விஷயத்தை அங்கே சிநேகிதி ஹைருன் பீவியிடம் சொன்னபோது, அந்தம்மாள் பேரனுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்:

"ஒங்க வேதத்துல பகையாளிய நேசிக்கச் சொல்லியிருக்காமே நர்சக்கா?"

"சொல்லியிருக்கு. பதினோரு வருஷமா நேசிச்சிக்கிட்டேதான் இருக்கேன். ஒருநாள் கையில ஆப்புடட்டும்."

"ஆப்புட்டா?"

"நேசிக்கிற நேசத்துல எலும்பு எண்ணிப்புடலாம்."

ஆப்புடும் நாள் எது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாநாட்டின் கடைசி நாள் ஸ்தோத்திர ஆராதனை. நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி, தேங்காயோ வாழைத்தாரோ கோழியோ காணிக்கையாக வைத்து, சீட்டை உபதேசியாரிடம் கொடுப்பார்கள். அவர் எல்லாச் சீட்டையும் ஒரே நீளத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார். பீடத்தில் நின்று வாசிப்பது சார்வாள். முன்கூட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. குரலை நம்பி வாழ்கிற மனுஷர். வாய் முன்னால் கம்பீரமாகப் போகும், அர்த்தம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும்.

சீட்டில் எதையும் திருத்துவதும் கிடையாது. முன்பு ஒருத்தி 'என் மாமியார் மரித்ததற்காக ஸ்தோத்திரம்' என்று எழுதிக் கொடுத்ததை அய்யாக்குட்டி 'மாமியாருடைய மரணத்தில் ஆறுதல் அளித்ததற்காக' என்று மாற்றிவிட்டார். விஷயம் தெரிந்ததும் சார்வாள் சபை நடுவே அதட்டினார்: "தேவனுக்குக் கொடுத்த சீட்டுல கை வைக்க நீர் யாருவே? ஒரு எழுத்து கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது!" அன்றிலிருந்து உபதேசியார் பிழையைக்கூடப் பிழையாகவே எழுதிவந்தார்.

மாநாடு ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவில் நடந்தது. உயிரின் பரிசுத்தத்தைப் பற்றி ஆலோசிக்கத் திருநெல்வேலிச் சீமை முழுவதிலுமிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்ற செய்தி கிடைத்த பிறகு இன்னும் இருபது பேருக்கு அந்தப் பரிசுத்தத்தில் அக்கறை பிறந்தது. காலையில் எண்ணெய் தேய்ப்பு, பிறகு குளியல், பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே தீர்மானம்.

ஆத்துமா கருவுக்குள் எப்போது நுழைகிறது என்று ஒரு முழு முற்பகல் விவாதித்துக் கை தூக்கச் சொன்னார்கள். முதல் நாளே என்று பத்தொன்பது ஓட்டு, மூன்றாம் மாசம் என்று பதினொன்று. நாலு பேர் அருவிக்குப் போயிருந்தபடியால் ஆத்துமா எட்டு ஓட்டு வித்தியாசத்தில் முதல் நாளே நுழைந்தது. மத்தியானத்துக்கு மேல் வேறொரு சங்கடம் எழுந்தது. ரோமன் கத்தோலிக்கர் சொல்வதும் இதுதானே, நாம் அவர்களோடு ஒத்துப்போகிற மாதிரி ஆகிவிடாதா என்று ஒருவர் பதறினார். 'ரோமாபுரி சொல்வதினால் அல்ல, வேதம் சொல்வதினாலேயே' என்று ஒரு வரி சேர்த்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

வந்திருந்த டாக்டரம்மா ஒருவர் மட்டும், தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் விதிவிலக்கு வேண்டும் என்றார்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார் ஏசுதாசன்.

"கர்த்தர் எங்கிட்டதான் அனுப்புதாரு சார்வாள். அனுப்பிட்டு 'பாத்துக்கோ'ங்காரு" என்றார் டாக்டரம்மா. அந்தத் திருத்தம் ஓட்டில் தோற்றது.

தன் மகளையும் ஏசுதாசன் முன்மாதிரியாகக் காட்டினார். கலியாணம் வேண்டாம் என்று ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவள், பெண்கள் விடுதியில் நாற்பது பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கிறவள் என்றார். பிரதிநிதிகள் ஆமென் சொன்னார்கள்.

இதையெல்லாம் அய்யாக்குட்டி தினசரி மேலகரத்துக்கு ஒலிபரப்பினார். ஞானபாக்கியம் நாலு நாள் உட்கார்ந்து தன் சீட்டை எழுதினாள். 'ஒரு தகப்பன் என் வாசலில் வந்து கேட்ட பாவத்தை மறுக்கவும், அவர் என்மேல் போட்ட பழியைச் சுமக்கவும் பெலன் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.' யார் பேரும் இல்லை. பேர் எழுதவும் வேண்டியதில்லை என்று நினைத்தாள். பீடத்தில் நின்று படிக்கும்போது அந்த முகம் போகிற போக்கைப் பார்த்தே சபை தெரிந்துகொள்ளும்.

கடைசி நாளைக்கு முந்தின சாயங்காலம், உபதேசியார் வருவாரென்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் சுகிர்தம் வந்து நின்றாள். முப்பது வயதுக்கு மூத்த முகம். வெள்ளைச் சேலை, கையில் விடுதிச் சாவிக்கொத்து.

"நீங்க ஏதோ சீட்டு எழுதுதீகளாம். உபதேசியார் சொன்னாரு."

அந்த மனுஷன் நாக்கில் புழு வைக்க, என்று ஞானபாக்கியம் மனசுக்குள் வைதாள். மறைக்க இடமில்லாமல் சீட்டை நீட்டினாள். சுகிர்தம் படித்தாள்.

"இதுல எம்பேரு இல்லியே?"

"ஒனக்காகத்தான் எழுதல, ஏட்டி."

"எனக்காக எல்லாரும் ரொம்பச் செஞ்சாச்சு நர்சம்மா. எனக்காக எங்கப்பா மலை தாண்டினாரு. எனக்காக நீங்க வாயப் பொத்தினீக. எனக்காக அவரே என்னைய ஊழியத்துக்கும் குடுத்துட்டாரு." சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது வேண்டாம். பேரில்லாச் சீட்டுன்னா எங்கப்பா அசங்காம வாசிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிருவாரு. ஒங்களுக்கு அவரத் தெரியாது. ஒரு தாள் குடுங்க."

"ஒன் வேல போயிருமேட்டி?"

"போட்டும். நாப்பது பிள்ளைட்டயும் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

நின்றுகொண்டே, ஜன்னல் கட்டையில் தாளை வைத்து எழுதினாள். ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை. ஞானபாக்கியம் எட்டிப் பார்க்கப் போனபோது மடித்துவிட்டாள்.

"உபதேசியார்ட்ட நாளைக்குக் கடைசி நிமிசத்துலதான் குடுப்பேன். நீங்க வாங்க. முன் வரிசையில உக்காருங்க."

விலக்கப்பட்டவள் முன் வரிசையில் உட்காரலாமா என்பதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை. யாருக்கும் அந்தத் தைரியம் வந்ததில்லை, அவ்வளவுதான். மறுநாள் ஞானபாக்கியம் கஞ்சி போட்ட சேலை கட்டி, நடு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்து அம்மாள்கள் இரண்டு நாற்காலி தள்ளிப் போனார்கள். அதுவும் நல்லதாயிற்று, மறைக்காமல் தெரிந்தது.

ஏசுதாசன் அங்கி போடாத பிஷப்பைப் போல எழுந்து வந்து தாளை விரித்தார். எருமை சுகமாய்க் கன்று ஈன்றதற்காக வாழைத்தார் ஒன்று. மூலவியாதி தணிந்ததற்காக முட்டை பன்னிரண்டு. மூலவியாதிக்குக்கூட அந்தக் குரலில் ஒரு மகிமை இருந்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, நீளமான ஒன்றை ஆரம்பித்தார்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம் ஆனி மாதத்திலே, என்னிடத்தில் ஒரு வார்த்தையும் கேளாமல், என்னை மலைக்கு அந்தப் பக்கத்து வீடொன்றில் கொண்டுபோய் விட்டு, என் வயிற்றிலிருந்ததை அழிக்கச் செய்து, அந்தப் பழியை, அதைச் செய்யமாட்டேன் என்று கதவைச் சாத்தின நர்ஸ் ஞானபாக்கியம் அம்மாள்மேல் போட்டு, இந்நாள் மட்டும் சபையிலே கனம் பெற்று நிற்கிற என் தகப்பனார் வாயினாலேயே இந்தச் சீட்டு வாசிக்கப்படும்படி கிருபை செய்த தேவனுக்கு…"

தேவனுக்கு என்ற இடத்தில்தான் அர்த்தம் வந்து சேர்ந்தது. அதற்குள் வாய் 'ஸ்தோத்திரம்' என்றும் சொல்லி முடித்திருந்தது. பழகிய வாய்.

கூரையில் சாரல் விழும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் தப்பியிருக்கலாம். யாரோ விஷமி எழுதியது என்று தாளைச் சுருட்டியிருந்தால், பிரதிநிதிகளில் பாதிப்பேர் நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள். கீழே பேர் இன்னும் வாசிக்கப்படவில்லை.

"இது… இது சுகிர்தம் எழுத்தே இல்ல!" என்றார் ஏசுதாசன்.

தாளில் இருந்தது அய்யாக்குட்டியின் எழுத்து என்று சபையில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கும் தெரியும். சுகிர்தம் என்று யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

பின்வரிசையில் சுகிர்தம் எழுந்தாள். "நான் எழுதினது உபதேசியார்ட்ட இருக்குப்பா. வேணும்னா அதப் பாத்துக்கிடுங்க."

ஏசுதாசன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்தக் கணத்தை ஞானபாக்கியம் எப்படி அனுபவித்தாள் என்று சொல்வதற்குக் கிறிஸ்தவ பாஷையில் நாகரிகமான வார்த்தை இல்லை. பதினோரு வருஷம் பசித்தவள், இலையில் விழுந்ததை வழித்துச் சாப்பிட்டாள். அவர் வேர்வை காதோரம் இறங்குவதைப் பார்த்தாள். தன் பேர், முழுப் பேர், 'அம்மாள்' போட்டு, அந்தக் குரலில், அத்தனை பேர் முன்னால். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார் அய்யாக்குட்டி. கீழே விழுந்த தாளை எடுத்திருந்தார். மாநாட்டுத் தலைவராக இருந்த பாதிரியார் ஐயர் போதும் என்று கை காட்டினார். "கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாதுன்னு சார்வாள் உத்தரவு, ஐயரவாள்" என்று சொல்லிவிட்டு, தன் ஓட்டைக் குரலில் வாசித்தார்:

"'கதவைச் சாத்தின நர்சம்மாளும் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தகப்பனாரோடேயே பேசி, என் தகப்பனாருக்கே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவர்கள் இருவரையும் மன்னிக்கிற இருதயத்தைத் தேவன் எனக்கு இன்னும் தரவில்லை. அவசரமும் இல்லை. காணிக்கை, தேங்காய் இரண்டு. சுகிர்தம்.'"

சாப்பிட்டது பாதித் தொண்டையில் நின்றது. முன் வரிசை நடு நாற்காலி. எல்லாக் கண்ணுக்கும் அவளும் மறைக்காமல் தெரிந்தாள்.

மாநாட்டுக் கமிட்டி அவசரமாகக் கூடியது. கறிச்சாப்பாடு ஆறுவதற்குள் முடிவும் எடுத்தது. மகஜர் போகும். பாரா ஒன்று குறையும், கையெழுத்து ஒன்று மாறும். உயிரின் பரிசுத்தத்தில் மாற்றம் இல்லை. ஏசுதாசன் உடம்பு சரியில்லை என்று குதிரைவண்டியில் போய்விட்டார். ஐயர் ஞானபாக்கியத்தைத் தேடி வந்து, நடந்தது நடந்துவிட்டது, மன்னித்து மறந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு வாருங்கள் என்றார்.

"வாரேன். ஆனா சபை நடுவுல எழுப்பி நிறுத்தித்தானே என்னைய விலக்கினீக? சேக்கும்போது நான் உக்காந்திருப்பேன் ஐயரவாள். கமிட்டி எழும்பி நிக்கட்டும். ஒம்பது பேரும். சார்வாளுக்கு ஒடம்பு சொகமாகுத வரைக்கும் காத்திருக்கேன். அவரில்லாம வேண்டாம்."

ஐயர் கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். நிற்கத்தான் போகிறார்கள், வேறு வழியில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட ஞானபாக்கியம் முயன்று பார்த்தாள். வந்தது, முழுசாக வரவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் சுகிர்தம் தகரப்பெட்டியோடு நின்றாள். ஞானபாக்கியம் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் போனாள். சுகிர்தம் குடைக்குள் வரவில்லை.

"ஏட்டி, அன்னைக்கு ஒன்னயக் கேக்காதது தப்புதான். இப்பக் கேக்கேன். நீ என்ன நெனச்சிருந்தே? பெத்துக்கணும்னா, வேண்டாம்னா?"

சுகிர்தம் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"பெத்துக்கணும்னு இருந்தேன்னு சொன்னா, நாம மறுத்தது சரிதான்னு நிம்மதியா ஒறங்குவீக. வேண்டாம்னு இருந்தேன்னு சொன்னா, இவளும் பாவிதான்னு நிம்மதியா ஒறங்குவீக. ரெண்டு நிம்மதியும் ஒங்களுக்குக் கெடையாது நர்சம்மா. சொல்ல மாட்டேன்."

"ஒருநாளும் சொல்ல மாட்டியா?"

"பதினோரு வருசம் கழிச்சுக் கேட்டுப் பாருங்க."

தென்காசி பஸ் வந்தது. சுகிர்தம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. மேலகரம் வரைக்கும் ஞானபாக்கியம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள்.